அசோகன்: ஜெயித்தவனின் இருதயம்

ஜெயித்த ராஜாவின் குணத்தை எப்படி அறிவது? அசோகனை அவன் கல்வெட்டே காட்டிவிடுகிறது.

1. மறைக்கவில்லை. கி.மு. 261 வாக்கில் கலிங்கத்தைப் பிடித்தான். 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டார்கள் என்று 13-ம் பாறைக் கட்டளையில் தானே சொல்லி மனஸ்தாபப்பட்டான். நம்ம சோழ, பாண்டியர் பேரும் அதிலே இருக்கிறது.

2. அதிகாரத்தை விடவில்லை. தண்டிக்கவும் எனக்குப் பலமுண்டு என்று காட்டு ஜனங்களை அதே கட்டளையில் எச்சரித்தான்.

3. கலிங்கத்து தவுளி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கட்டளை இல்லை! அடிபட்ட ஜனத்தின் கண்முன்னே அதை வெட்டவில்லை.

நாமோ? ஊரறிய அழுகிறோம். நம்மால் காயப்பட்டவன் வாசலுக்குப் போனோமா? மத்தேயு 5:24 வாசித்து, இன்றைக்கே புறப்படுங்கள்.