மெய்ப்பொருள் நாயனாரது கலங்காமை

மெய்ப்பொருள் நாயனார் புராணத்தைச் சிவவேடத்தின் பெருமை கூறுவதாகவே நம்மனோர் பெரிதும் எடுத்தோதுவர். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே வழிபட விதித்தலின், அதற்கு இலக்கியமாக இவர் காட்டப்படுதல் முறையே. ஆயின், இவர் சேதி நாடாண்ட அரசர் என்பதும், வீழும்போது இவர் செய்தது ஓர் அரசாணை என்பதும் அத்துணை ஆராயப்படுவதில்லை. அதனையே ஈண்டு நோக்கப் புகுகின்றோம்.

போரிற் பன்முறை தோற்ற முத்தநாதன், நீறு பூசிப் புத்தகப் பொதியுள் படையை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனையுட் புகுந்தான். ஆகமம் உரைப்பான்போல் அரசரைத் தனிமையில் இருத்தித் தன் கருத்தை முடித்தான். (சேக்கிழார் அக்கொடுஞ் செயலைப் பெயர் கூறாது மறைத்தே செல்வர்.) காவலனாகிய தத்தன் வாளோடு பாய்ந்தான். நாயனார் வீழ்கின்ற நிலையிலேயே கையால் அவனைத் தடுத்து, வேடந் தாங்கினான் நமக்கு உரியவனே என்றார். செய்யத்தக்கது யாதென அவன் வினவ, வழியில் எவரும் இடையூறு செய்யாவண்ணம் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

நாயனார் சினத்தை அடக்கினார் எனல் பொருந்தாது. அடக்குதற்கு முதற்கண் அஃது எழுதல் வேண்டுமன்றோ? யான் எனது என்னும் பற்றுள்வழியே 'என்னை இவன் வஞ்சித்தான்' என்னும் எண்ணம் தோன்றும். இவரது உள்ளம் முன்னரே வேடத்தின்கண் நிலைபெற்றிருந்தமையின், அக்கணத்திற் புதிதாக ஒன்றைத் தேர்ந்து துணியவேண்டிய இடர் இவர்க்கில்லை.

பகைவனைப் போகவிடுதல் அரசநீதிக்கு இழுக்கன்றோ எனின், படையொடு வந்தபோதெல்லாம் அவனைப் பொருது புறங்கண்டவர் இவரே. ஈண்டுப் பொறுத்தது தம்மேற் செய்த தீங்கினை மாத்திரமே என்க. இவ்விடை எல்லார்க்கும் நிறைவு தரும் என யாம் கூறமாட்டோம்.

இனித் தத்தனை நோக்குவோம். செய்தி பரவக் குடிகள் வெகுண்டு வழியிற் சூழ்ந்தனர். ஆண்டு அரசர் இலர். தான் வெட்டப் பாய்ந்த பகைவனைத் தானே காக்கவேண்டிய நிலையில், அரசர் ஆணையென்னும் ஒரு சொல்லால் அத்தன் அனைவரையும் விலக்கி, நகர் கடந்து அவனை விடுத்தான். மடங்களில் தலைமை பூண்டார் ஊன்றி நோக்கற்பாலது இவ்விடமே. தலைவர் திருமுன்பு எல்லாரும் அடங்கி நிற்றல் எளிது. அவர் கண்காணாத தெருவில், ஊரே திரண்டு எதிர்ப்பவும், ஏவலன் ஆணை பிறழாமை அரிது. தலைவரது கலங்காமை அவ்வேவலனுள்ளும் சென்று பற்றியதாலன்றி இது நிகழாது.

அச்செய்தியைக் கேட்கும்பொருட்டே நாயனார் சோரும் உயிரைத் தாங்கியிருந்தார். தத்தன் மீண்டு வணங்கி உரைத்தபின், அவன் செய்ததை வேறு எவர் செய்யவல்லார் என மகிழ்ந்தார். அரசுரிமைக்குரியார்க்கும் அன்பர்க்கும் திருநீற்றன்பைப் போற்றுமாறு மொழிந்து, அம்பலவாணர் திருவடியை நினைந்தார்.