பயணத்தில் லாப்டாப் விளையாட்டு: எதை வாங்குவது, எதை விடுவது?

ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில், அதாவது பெட்டிகளின் விளக்கு, விசிறி, பேட்டரி இவற்றைப் பராமரிக்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு டிப்ளமோ. லாப்டாப் விளையாட்டுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். விடுமுறையில் மூணாறில் இருக்கும் அவன் அத்தை வீட்டுக்கு, அதாவது என் மகள் வீட்டுக்கு, நாங்கள் இருவரும் போவது வழக்கம். அங்கே எட்டாம் வகுப்புப் படிக்கும் மருமான் ஒருவன், இவன் வரவுக்காக நாள் எண்ணிக்கொண்டிருப்பான். வருடத்தில் இரண்டு முறைதான் சந்திப்பு. இந்த முறை பயிற்சிக் காலத்தில் கிடைத்த முதல் உதவித்தொகையோடு பேரன் ஒரு பட்டியலை நீட்டினான்: வண்ண விளக்கு எரியும் மெக்கானிக்கல் கீபோர்டு, கம்பியில்லா மவுஸ், புளூடூத் இயர்போன், விசிறி வைத்த கூலிங் ஸ்டாண்டு, பவர் பேங்க். மொத்தத் தொகையும் அந்த உதவித்தொகையும் ஏறத்தாழ ஒன்று.

"பிளக்கை எங்கே சொருகுவாய்?" என்றுதான் முதலில் கேட்டேன். "ரயிலில் பாயிண்ட் இருக்கிறதே தாத்தா" என்றான்.

அங்கேதான் கதை. நம் ரயில்களில் பெரும்பாலான பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுக்கு வருவது 110 வோல்ட். வீட்டில் இருப்பது 230. லாப்டாப் சார்ஜரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பாகும். விளையாட்டு லாப்டாப்பின் 200 வாட் சார்ஜர் முழுச் சுமையில் வீட்டில் ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ரயிலில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாயிண்டுகள் மொபைலையும் சாதாரண லாப்டாப்பையும் மனதில் வைத்துப் போட்டவை. போன வருடம் ஒரு பயணத்தில் இவன் சார்ஜரைச் சொருகி விளையாட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் எங்கள் பகுதி பாயிண்டுகள் எல்லாம் செத்தன. எதிரில் இருந்த அம்மாள், மகன் ஸ்டேஷனுக்கு வருகிறானா என்று கேட்கக் கையில் அணைந்த போனோடு உட்கார்ந்திருந்தார். என் போனைக் கொடுத்தேன். முப்பது வருடம் அதே வேலை பார்த்தவன் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொன்று: தீ விபத்துகளைத் தவிர்க்க, இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டுகளில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டை 2021இல் ரயில்வே மறுபடி வலியுறுத்தியது. ஆகவே இரவுப் பயணத்தில் அந்தப் பாயிண்டை நம்பி எதுவும் வாங்க வேண்டாம்.

பவர் பேங்க் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டி மேல் 20,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். விளையாடும்போது 150 வாட் இழுக்கும் லாப்டாப்புக்கு அது கணக்குப்படியே அரை மணி நேரம்தான். அவ்வளவு வாட்டை அது ஒரேயடியாகக் கொடுக்கவும் கொடுக்காது. டைப்-சி வழியாக 65 வாட் கொடுக்கும் ரகம் இருந்தால், லாப்டாப்பும் அதை ஏற்குமானால், எழுத்து வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் உதவும். வளைகுடாவிலிருந்து விமானத்தில் வரும் அன்பர்கள் கவனிக்க: பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருப்பது உத்தமம்.

அவர்களுக்கே இன்னொரு வார்த்தை. அங்கே வாங்கிய சார்ஜரில் சதுரக் கால் பிளக் இருக்கும். பத்து இருபது ரூபாய் கன்வெர்ட்டர் போட்டு இங்கே சொருகுகிறோம். பல கன்வெர்ட்டர்களில் எர்த் இணைப்பே கிடையாது. லாப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருப்பது அதனால்தான். கன்வெர்ட்டரே வேண்டாம். சார்ஜர் கட்டியில் சொருகும் கம்பி பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். நம் ஊர் மூன்று கால் பிளக் உள்ள கம்பியைக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புளூடூத் இயர்போனில் நான் தோற்றேன். கம்பி இல்லாததுதான் பயணத்துக்கு நல்லது என்று நான் வாதாடினேன். பேரன் நண்பனுடையதை வாங்கிவந்து காட்டினான். திரையில் பந்தை உதைத்த பிறகு ஒரு கணம் கழித்துச் சத்தம் வருகிறது. பேசுவதற்கு மைக்கைத் திறந்தால் ஒலியின் தரமே பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது. 3.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ள சாதாரண ஹெட்செட்டே போதும் என்று பட்டியலைத் திருத்தினோம். ரயிலில் ஹெட்செட் இல்லாமல் சத்தம் வைத்தால் சக பயணிகள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது.

மவுஸ் கம்பியுள்ளதே. கம்பியில்லாததில் நகம் அளவு ரிசீவர் ஒன்று வரும். பஸ் மாறும்போது தொலையும். மூணாறு வீட்டு மேஜையில் கண்ணாடி போட்டிருப்பதால் துணிப் பேடு ஒன்றும் சேர்த்தோம், கண்ணாடி மேல் பல மவுஸ்கள் தடுமாறும். கூலிங் ஸ்டாண்டின் விசிறி லாப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும். அதற்குப் பதில் மடக்கி வைக்கும் அலுமினியத் தாங்கி. அடியில் காற்று போனால் சரி. மெத்தை, கம்பளி மேல் மட்டும் வைக்கக் கூடாது. மூணாறு குளிரில் பையன்கள் செய்வது அதைத்தான்.

எங்கள் வழி பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் பொள்ளாச்சி தாண்டி உடுமலைப்பேட்டை, பிறகு பஸ்ஸில் சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. (மூணாறிலும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1924 வெள்ளத்தோடு போயிற்று. என் போன்றவர்களுக்கு அது ஆறாத குறை.) சின்னாறு காட்டில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, விளையாட்டின் புதுப்பிப்புகளையெல்லாம் வீட்டிலேயே இறக்கிவிட வேண்டும்.

மலையில் இன்னொரு பகை இடி. இடிமின்னல் காலத்தில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லிவருகிறது. பையன்கள் விளையாடும் நேரமும் அதுவே. சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினோம். வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு; மாப்பிள்ளையிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பாயிண்டில் எர்த் கம்பியே இணைக்காமல் இருந்தது! இருந்தாலும் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவதுதான் என் சட்டம்.

கடைசியில் மிஞ்சியது கீபோர்டு. ஒரு கிலோ எடை, டக்டக்கென்று சத்தம், மடியில் வைக்கவும் முடியாது. ஆனாலும் அவன் மனம் அதில்தான் இருந்தது. சம்பாதித்த காசு அவனுடையது, நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வந்தான்.

"தாத்தா, கீபோர்டை ஒருத்தன்தான் அடிக்க முடியும். அந்தக் காசுக்கு இரண்டு கன்ட்ரோலர் வரும். தம்பியும் நானும் ஒரே லாப்டாப்பில் புட்பால் ஆடலாம்."

இரண்டும் யு.எஸ்.பி. கம்பி உள்ளவை, பேட்டரி வேண்டாம், மேஜை வேண்டாம். மூணாறில் முதல் நாள் மாலையே இடி வந்தது, பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியில் படம் கொஞ்சம் தயங்கித் தயங்கி ஓடியது. இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து ஆடினார்கள். லாப்டாப் தாங்கி மேல்தான் இருந்தது, பார்த்துக்கொண்டேன்.