கிழட்டு எலியின் இதயம் நமக்குச் சொல்வது என்ன?

பம்ப் என்றால் நமக்கு ஒரு பாடம். படம் வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்குகிறோம். ஆனால் நம் நெஞ்சுக்குள்ளே ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அடிக்கும் பம்ப் பழசானால் என்ன ஆகும்? மனிதனிடம் இதைப் பார்க்க 70 வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே விஞ்ஞானிகள் எலியிடம் பார்த்தார்கள்.

ஏன் எலி?

ஆய்வுக்கூட வெள்ளெலி 2 முதல் 3 வருடமே வாழும். 24 மாதம் ஆனாலே அது கிழடு. நமக்கு நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் அதற்கு 300, 400 கூட இருக்கும். ஆனால் இதயத்தின் அமைப்பு ஒன்றுதான்: நான்கு அறைகள், நான்கு வால்வுகள்.

என்ன பழுது?

ஒன்று, வயதாக ஆக இதயத் தசைச் செல்கள் குறைகின்றன. அந்த இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் சேர்கிறது. மிச்சமுள்ள செல்கள் பருத்துப் போகின்றன. சுவர் விறைப்பாகிறது.

இரண்டு, தசை சுருங்குவதற்குக் கால்சியம் வெளியே வர வேண்டும். தளர்வதற்கு அது திரும்ப உள்ளே போக வேண்டும். கிழட்டு எலியில் இப்படித் திரும்ப இழுக்கும் வேலை மந்தமாகிறது. அதனால் இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்பத் தாமதமாகிறது. நம் பாஷையில் சொன்னால், தள்ளுவதை விட உறிஞ்சுவதில்தான் முதல் கோளாறு.

மூன்று, அட்ரினலின் வந்து 'வேகமாக ஓடு' என்றாலும் இளசு போலத் துடிப்பு ஏறுவதில்லை.

நான்கு, செல்லின் பவர் ஹவுஸ் ஆன மைட்டோகாண்ட்ரியா சேதமாகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் சவிதா, பன்னீர்செல்வம் ஆகியோர் கிழட்டு எலி இதயத்தில் இதை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். கார்னிடைன், லிப்போயிக் அமிலம் கொடுத்தபோது சேதம் குறைந்தது. எலிக்குப் பலித்தது என்பதற்காக நாம் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. மனிதனுக்குத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்

சும்மா இருக்கும்போது பார்த்தால் கிழட்டு இதயமும் கிட்டத்தட்ட இளசு போலவே ரத்தம் தள்ளும். பாரம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். நாமக்கல் ரோட்டில் நன்றாக ஓடும் பழைய லாரி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் திணறுவது போல! அதாவது குறைவது, இருப்பாக வைத்திருக்கும் சக்தி.

நம் வீடுகளில் அப்பா மூட்டை தூக்குவார், அம்மா தறி ஓட்டுவார். வழக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கினால், "வயசாச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், நெஞ்சில் இறுக்கம் இவை வயதின் கணக்கில் எழுத வேண்டியவை அல்ல. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியவை. என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் கையில்தான் டாக்டர் சீட்டு வந்து சேர்கிறது. படித்துச் சொல்வது நம் கடமை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. கிழட்டு எலிகளைத் தினமும் ஓடப் பழக்கியபோது, அவற்றின் இதயம் தளரும் வேகம் ஓரளவு மீண்டது. ஓடாத மெஷின்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாலையில் கிரவுண்டுக்கு வாங்க நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்