ஹுதைபிய்யாவில் நின்றுபோன பயணம்

 

"துஆ கேட்டுக்கொண்டே இருக்கிறேன் ஹஜ்ரத், இன்னும் நடக்கவில்லையே!" ஜும்ஆ முடிந்து முஸாஃபஹா செய்யும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மகளுக்கு வரன் அமையவில்லை, விசா தள்ளிப்போகிறது, கடன் அடையவில்லை. அல்லாஹ்வால் முடியும் என்பதில் இவர்களுக்குச் சந்தேகம் இல்லை. 'ஏன் இன்னும் இல்லை' என்பதுதான் மனதை அரிக்கிறது. இதே கேள்வி ஸஹாபாக்களின் உள்ளத்தையும் ஒரு நாள் உலுக்கியது.

ஹிஜ்ரி 6, துல்கஅதா மாதம். மஸ்ஜிதுல் ஹராமில் நுழைவதாக நபி (ஸல்) அவர்கள் கனவு கண்டிருந்தார்கள். நபிமார்களின் கனவு வஹீ. ஏறத்தாழ 1400 தோழர்கள் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் புறப்பட்டார்கள். முஹாஜிர்கள் பிறந்த ஊரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்காவை நெருங்கி, ஹுதைபிய்யாவில் பயணம் நின்றுபோனது. குறைஷிகள் உள்ளே விடவில்லை.

ஒப்பந்தம் பேச சுஹைல் இப்னு அம்ர் வந்தார். பத்தாண்டு போர்நிறுத்தம். ஆனால் இந்த ஆண்டு திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு மூன்று நாள் மட்டும் வரலாம். மக்காவிலிருந்து யாராவது முஸ்லிமாகி மதீனா வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒருவர் மக்காவுக்குப் போனால் அவர்கள் அனுப்ப மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, விலங்கிட்ட கால்களோடு ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து விழுந்தார். சுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரலி). இஸ்லாத்தை ஏற்றதற்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்தவர். தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. பொறுமையாக இரு, உனக்கும் உன்னைப் போன்றோருக்கும் அல்லாஹ் வழி ஏற்படுத்துவான் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தோழர்களின் கண் முன்னாலேயே அவர் இழுத்துச் செல்லப்பட்டார்.

உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நாம் கஃபாவுக்குச் சென்று தவாஃப் செய்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று நபியவர்களிடமே கேட்டுவிட்டார்கள். சொன்னேன், ஆனால் இந்த ஆண்டே என்று சொன்னேனா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வாக்கு அல்லாஹ்விடமிருந்து வந்தது. 'இந்த ஆண்டு' என்பதைச் சேர்த்தது மனித மனம். 'ரமளானுக்குள் வேலை கிடைக்க வேண்டும்' என்று தேதி குறிப்பவர்கள் நாம்தானே? அந்தத் தேதி கடந்ததும் துஆவே வீண் என்று நினைக்கிறோம்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. எழுந்து அறுத்துப் பலியிட்டு, தலையை மழியுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. அவ்வளவு துக்கம். உம்மு ஸலமா (ரலி) அம்மையார் சொன்ன யோசனை அழகானது: யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தங்கள் பிராணியை அறுங்கள், தலையை மழித்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் அப்படியே செய்ததைப் பார்த்ததும் தோழர்களும் எழுந்தார்கள். வருத்தம் போய்விடவில்லை, வருத்தத்தோடேயே அடுத்த கடமையைச் செய்தார்கள். தவக்குல் என்றால் மனம் வலிக்கவே கூடாது என்று யார் சொன்னது?

இஸ்திகாரா தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த துஆவில் கனவு கேட்கப்படவே இல்லை. நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் திருப்பிவிடு என்பதுதான் அதன் கருத்து. கேட்டுவிட்டு விசாரியுங்கள், விண்ணப்பம் போடுங்கள், பெரியவர்களைக் கலந்துகொள்ளுங்கள்.

திரும்பும் வழியிலேயே அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கியது. அல்லாஹ் அதை வெற்றி என்றான்! அடுத்த ஆண்டு உம்ரா நிறைவேறியது. ஹிஜ்ரி 8இல் பத்தாயிரம் பேருடன் நபியவர்கள் மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

அபூ ஜந்தல் (ரலி) என்ன ஆனார்? மக்காவிலிருந்து தப்பிய அபூ பஸீர் (ரலி) கடலோரம் தங்கியிருந்தார். அபூ ஜந்தலும் தப்பி அவரிடம் சேர்ந்தார். அவர்களைப் போன்றவர்கள் பலர் கூடியதும் குறைஷிகளின் வணிகப் பாதை அடைபட்டது. கடைசியில், இவர்களை மதீனாவுக்கே அழைத்துக்கொள்ளுங்கள் என்று குறைஷிகளே ஆளனுப்பிக் கெஞ்சினார்கள். அந்த நிபந்தனையைப் பிடிவாதமாகக் கேட்டு எழுதி வாங்கியவர்களும் அவர்களேதான்.

யா அல்லாஹ், இந்த ஜும்ஆவிலும் அதே துஆவோடு கையேந்தி நிற்பவர்களுக்கு, அடுத்த ஜும்ஆவிலும் கையேந்தும் பலத்தைத் தருவாயாக! ஆமீன்.