தபால்தலைக் கடையின் சரக்கும் சுழற்சியும்

புணே நகரில் நான் பணியாற்றிய கிளைக்கு, இணையவழித் தபால்தலை வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் 5 லட்ச ரூபாய் நடப்பு மூலதனக் கடன் கேட்டு வந்தார். காலஞ்சென்ற சேகரிப்பாளர் ஒருவரின் குடும்பத்தார் முழுத் தொகுப்பையும் விற்க முன்வந்திருந்தனர். பதினைந்து நாட்களுக்குள் பணம் தராவிட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும் என்பது அவருடைய கவலை. அவர் அளித்த இருப்பு அறிக்கையில் கைவசச் சரக்கின் மதிப்பு 22 லட்சம் என்றிருந்தது. ஆண்டு விற்பனையோ 6 லட்சம்தான். (எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்; விகிதங்கள் மாறவில்லை.)

22 லட்சம் எவ்வாறு வந்தது என்று வினவினேன். ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தலைக்கும் மதிப்பு எழுதியதாகக் கூறினார். தபால்தலை வணிகர் பலர் இடறுவது இங்கேதான். பட்டியல் விலை என்பது, குறையற்ற நிலையிலுள்ள ஒரு தலையைச் சில்லறையாக விற்பதற்கு அந்நிறுவனம் கேட்கும் விலை. பின்புறப் பசை போனது, துளைப்பல் உடைந்தது, பழுப்புப் புள்ளி விழுந்தது ஆகியவற்றுக்கு அவ்விலை பொருந்தாது. கணக்கியல் தரநிலை 2 கூறும் விதியோ எளியது: அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே சரக்கின் மதிப்பு. கொள்முதல் சீட்டுகளை எடுத்து வந்து கூட்டியபோது 22 லட்சம் 4,50,000 ஆகச் சுருங்கியது.

தொகுப்பாக வாங்கியதன் அடக்க விலை

மளிகைக் கடைக்காரருக்கு ஒரு மூட்டை அரிசியின் அடக்கம் சீட்டிலேயே இருக்கும். தபால்தலை வணிகர் பெரும்பாலும் ஆல்பமாகவோ பெட்டியாகவோ மொத்தமாக வாங்குகிறார். 1,500 தலைகள் கொண்ட தொகுப்பை 60,000 ரூபாய்க்கு வாங்கினால், தலைக்கு 40 ரூபாய் என்று சராசரி போடுவது வழக்கம். அத்தொகுப்பில் நல்லவை 50. அவை 80,000 ரூபாய்க்கு விலைபோகும். மற்ற 1,450 தலைகளும் சேர்ந்து 20,000 ரூபாய்க்கு மேல் பெறா என்று கொள்வோம்.

சராசரிக் கணக்கில் நல்ல ஐம்பதின் அடக்கம் 2,000 ரூபாய்தான். அவை விற்றதும் ஏட்டில் 78,000 ரூபாய் இலாபம் தெரியும். அம்மகிழ்ச்சியில் அடுத்த தொகுப்பும் வாங்கப்படும். மீந்த 1,450 தலைகளோ 58,000 ரூபாய் மதிப்புள்ள சரக்காக ஏட்டில் தங்கிவிடும். ஆண்டிறுதியில் அம்மதிப்பைக் குறைத்து எழுதாவிட்டால், இல்லாத இலாபத்துக்கு வருமான வரியும் கட்ட நேரும். இதற்குப் பதிலாக, எதிர்பார்க்கும் விற்பனை விலையின் விகிதத்தில் அடக்கத்தைப் பிரித்தால், நல்லவற்றுக்கு 48,000, மற்றவற்றுக்கு 12,000 என்று வரும். அப்போது முதல் பகுதியின் இலாபம் 32,000 என்ற உண்மை தெரியும். தொகுப்பு வந்த அன்றே, உற்சாகம் தணியுமுன், இப்பிரிவினையைச் செய்துவிடுவது நலம்.

மூன்று வரிசைகள்

விற்பனையின் அடக்க விலையைச் சராசரிச் சரக்கிருப்பால் வகுத்தால் சரக்குச் சுழற்சி கிடைக்கும். நம் வாடிக்கையாளரின் விற்பனை அடக்கம் 3,60,000; இருப்பு 4,50,000; சுழற்சி 0.8. அதாவது, கைச்சரக்கு ஒருமுறை விற்றுத் தீர 456 நாட்கள். ஆனால் இம்மொத்த எண் பாதியை மறைத்துவிடுகிறது. சரக்கை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்.

முதல் வரிசை, அஞ்சல் துறையின் புதிய வெளியீடுகள், ஆல்பங்கள், தலைகளை ஒட்டப் பயன்படும் மெல்லிய பசைத்தாள்கள் முதலியன. புதிய வெளியீடுகளை அஞ்சல் துறையின் தபால்தலை சேகரிப்பு மையங்களில் முகமதிப்பிலேயே வாங்கலாம். வைப்புக் கணக்கு தொடங்கினால் வீட்டுக்கே வந்து சேரும். எல்லோரும் அவ்விலையில் வாங்க முடிவதால் இலாப விகிதம் குறைவு. இருப்பு 60,000; ஆண்டு மொத்த இலாபம் 45,000; சுழற்சி மூன்று முறை.

இரண்டாவது, சுதந்திர இந்தியாவின் தொடக்க காலத் தலைகளும் ஐதராபாத், குவாலியர் போன்ற சமஸ்தானத் தலைகளும். இருப்பு 1,90,000, மொத்த இலாபம் 1,78,000, சுழற்சி 0.8. மெதுவாக விற்றாலும் போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 94 ரூபாய் ஈட்டும் வரிசை இது. 1948 ஆகஸ்டு 15 அன்று வெளியான நான்கு காந்தி தலைகளுள் 10 ரூபாய்த் தலை போன்றவை இதில் அடங்கும். அதற்குப் போலிகளும் உலவுவதால், வாங்குமுன் தேர்ந்தவர் கண்ணில் காட்டுவது அவசியம். ஒரு போலியை விற்றுத் திரும்பப் பெற்றால், போவது அத்தலையின் விலை மட்டுமன்று.

மூன்றாவது, தொகுப்புகளில் மீந்தவை. இருப்பு 2,00,000. ஆண்டு முழுவதும் விற்றதன் அடக்கம் 28,000. மொத்த இலாபம் 17,000. இந்த வேகத்தில் விற்றுத் தீர ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும். கடனுக்கு வட்டி 11 விழுக்காடு என்று கொண்டால், 2 லட்சத்துக்கு ஆண்டு வட்டியே 22,000. கடன் வாங்கி இவ்வரிசையைத் தாங்குவது நட்டத்தை விலைக்கு வாங்குவதாகும். இதைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

இணையக் கடைக்கே உரிய செலவு ஒன்றும் உண்டு. ஒரு தலையைப் படமெடுத்து விவரம் எழுதிப் பதிவேற்றப் பத்து நிமிடமாகும் எனில், ஆயிரம் தலைகளுக்கு 166 மணி நேரம் வேண்டும். ஐந்து ரூபாய்த் தலையைத் தனியே பட்டியலிடுவது உழைப்பை வீணாக்குவதே. நூறு ரூபாய்க்குக் குறைந்தவற்றைப் பறவைகள், இரயில்கள், விளையாட்டு என்று பொருள்வாரியாக ஐம்பது, நூறு தலைகள் கொண்ட பொட்டலங்களாக்குவதே தக்கது. அண்மை ஆண்டுகளில் வெளியாகி விலைபோகாத புதிய தலைகளைத் தம் அஞ்சல் உறைகளிலேயே ஒட்டி அனுப்பினால் முகமதிப்பாவது மிஞ்சும். வாங்குபவருக்கும் அது மகிழ்ச்சி தரும். வாரந்தோறும் குறித்த நாளில் முப்பது, நாற்பது புதிய தலைகளைச் சேர்த்துவந்தால், சேகரிப்பாளர்கள் அந்நாளை எதிர்பார்த்து வருவார்கள். ஒரே நாளில் ஆயிரத்தைக் கொட்டுவதைவிட இது பயன் தரும்.

வங்கியின் கணக்கு

குறு, சிறு தொழில்களுக்கு, நாயக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காட்டை நடப்பு மூலதனத் தேவையாகக் கொண்டு, 20 விழுக்காட்டை வங்கி அளிக்கிறது. 5 விழுக்காடு உரிமையாளரின் பங்கு. இதில் ஒரு ஊகம் பொதிந்துள்ளது: முதல் ஆண்டுக்கு நான்கு முறை சுழலும் என்பது. 0.8 முறை சுழலும் கடைக்கு இவ்வளவு போதாது. அதற்காக வங்கி கூடுதலாகக் கொடுத்தால் வட்டியே கடையை விழுங்கும். இக்கணக்கின்படி அவருக்குத் தகுதியான தொகை 1,20,000 ரூபாய். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் அது வழங்கப்பட்டது. முதல் வரிசைக்குக் கடன், இரண்டாவதற்குச் சொந்த முதல் என்று பிரித்துக்கொள்ளுமாறு சொன்னேன்.

சரக்கைக் காப்பீடு செய்வதிலும் கவனம் தேவை. தீக்காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாகத் தபால்தலை, நாணயம், கையெழுத்துப் படிகள் ஆகியவை தனியே குறிப்பிட்டாலன்றி இழப்பீட்டுக்குள் வாரா. ‘கடைச் சரக்கு’ என்று மட்டும் எழுதிப் பிரீமியம் கட்டியிருந்த நம் வாடிக்கையாளர் அதை அறிந்திருக்கவில்லை. மழைக்கால ஈரம் எந்தப் பாலிசியிலும் அடங்காது. அதற்குக் காற்றுப்புகாப் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமுமே துணை.

காலஞ்சென்றவரின் தொகுப்பைப் பற்றி அக்குடும்பத்தாரிடம் மீண்டும் பேசி, ஐதராபாத் ஆல்பம் ஒன்றை மட்டும் அவர் தம் சேமிப்பிலிருந்து வாங்கினார். மற்றவற்றை மும்பை வணிகர் ஒருவர் எடுத்துச் சென்றார். அதில் அவருக்கு இன்றும் சிறு வருத்தம் உண்டு. ஓராண்டுக்குப்பின் அவர் அளித்த இருப்பு அறிக்கையில் மூன்றாம் வரிசை 85,000 ஆகக் குறைந்திருந்தது. குறைந்த 1,15,000இல் 55,000 பொட்டலங்களாக விற்றது. எஞ்சிய 60,000ஐ இழப்பாகவே எழுதியிருந்தார்.