மூளையின்றி வழியறியும் நுண்ணுயிர்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கண்களை மூடிக்கொண்டு நடப்பவராலும் பூக்கடை இருக்கும் திசையை அறிய முடியும். மல்லிகை மணம் முன்பைவிடக் கூடினால் அதே திசையில் நடப்பார், குறைந்தால் திரும்புவார். மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவும் இவ்வாறே உணவைத் தேடுகிறது.

ஈ.கோலையின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஏறக்குறைய 500 பாக்டீரியாக்களை வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீட்டர் வரும். அதன் உடலிலிருந்து சில கசையிழைகள் நீண்டிருக்கும். அவை இடஞ்சுழியாகச் சுழலும்போது ஒரே கற்றையாக இணைந்து பாக்டீரியாவை நேராகத் தள்ளும். ஏறத்தாழ ஒரு விநாடிக்குப் பின் சில இழைகள் வலஞ்சுழியாகச் சுழலும். உடனே கற்றை பிரியும். பாக்டீரியா புரண்டு வேறு திசையை நோக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறிவியலாளர் ஜூலியஸ் ஆட்லர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் வேதிப்பொருள்களை நிரப்பி, பாக்டீரியா நீந்தும் நீர்மத்தில் வைத்தார். செரின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய அமினோ அமிலங்கள் இருந்த குழாய்களுள் அவை திரண்டு நுழைந்தன. உணவாகப் பயன்படாத சில பொருள்களையும் அவை நாடுவதை அவர் 1969இல் வெளியிட்டார். பாக்டீரியா உண்பதால் மட்டும் ஈர்க்கப்படுவதில்லை. அது உணரவும் செய்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

உடலின் முனையில் செறிந்துள்ள ஏற்பிப் புரதங்களே அமினோ அமிலத்தை உணர்கின்றன. அமினோ அமிலம் ஏற்பியில் ஒட்டினால் புரளும் கட்டளை தணியும். நேராக நீந்தும் நேரம் நீளும். பாக்டீரியா சில விநாடிகளுக்கு முன்பிருந்த அளவையும் இப்போதுள்ள அளவையும் ஒப்பிடுகிறது. இக்குறுகிய நினைவு, ஏற்பிகளில் சேர்ந்தும் விலகியும் நிற்கும் மெத்தில் தொகுதிகளில் பதிகிறது.

இத்திறன் நோய்க்கும் துணைபோகிறது. இரைப்பைப் புண்ணையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி, அமிலத்தை விட்டு விலகியும் யூரியாவை நாடியும் இரைப்பைச் சுவரை அடைகிறது. வழியறியும் ஆற்றலை இழந்த ஹெலிகோபாக்டர், ஆய்வகச் சுண்டெலிகளின் இரைப்பையில் குடியேறச் சிரமப்படுகிறது. மலேசியாவில் மலாய்க்காரரைவிட இந்தியரிடையே இத்தொற்று அதிகம் என்பதைக் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. மூச்சுப் பரிசோதனையால் இதனைக் கண்டறியலாம், மருந்துகளால் குணப்படுத்தலாம். ஆகவே, நீடித்த வயிற்றுவலியைப் பொருட்படுத்தாமல் இருப்பது தவறு. உரிய காலத்தில் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.