நாளுக்கு ஐந்து வரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடுகிறது என்று குறைப்பட்டிருக்கிறாய். அதைச் சொல்லவே ஒரு பக்கம் எழுதிவிட்டாய். ஆட்டுக்குட்டி கணக்கு நோட்டைத் தின்ற கதை வேறு! உனக்கு எழுத வருகிறது. தலைப்பு என்று ஒன்றைக் கண்டால்தான் பயம். தினமும் கொஞ்சம் எழுதினால் அந்தப் பயம் போகும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போகாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். வீட்டுப்பாடத்துக்கு முன் பத்து நிமிடம், ஐந்து வரி. கை வலிக்கும் முன்பே முடிந்துவிடும். இன்னும் தோன்றினால் எழுது, ஐந்துக்குக் குறைக்காதே.

எதை எழுதுவது? 'எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குப் போனேன்' என்று நாள் முழுவதையும் எழுத வேண்டாம். அன்று கண்ணில் பட்ட ஒன்றே ஒன்று போதும். அம்மா தோசை வார்ப்பதை எடுத்துக்கொள். 'அம்மா தோசை சுட்டாள். சுவையாக இருந்தது' என்று எழுதினால் அது எந்த வீட்டுத் தோசையாகவும் இருக்கலாம். அடுப்பருகே நின்று பார். கல் காய்ந்ததா என்று அம்மா தண்ணீர் தெளிக்கிறாள். சுர்ரென்று சத்தம் வருகிறது. பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்க்கிறாள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. 'இது எனக்கு' என்று அதைத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள். ஐந்து வரி வந்துவிட்டது. அம்மாவின் அன்பைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

எழுதும்போது ரப்பரைத் தொடாதே. பிழை தேடிக்கொண்டிருந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். முடித்தபின் வாய்விட்டுப் படி. மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டு. 'அப்புறம், அப்புறம்' என்று வந்தால் பாதியை அடித்துவிடு. பிறகு அக்காவிடம் காட்டு. ர-ற, ல-ள-ழ, ன-ண குழப்பங்களில் அன்றைக்கு இரண்டு சொல் மட்டும் திருத்தச் சொல். 'பள்ளிக்குப் போனேன்' என்பது 'பல்லிக்குப் போனேன்' ஆகியிருந்தால், சரியான சொல்லைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வை. பக்கம் முழுக்கச் சிவப்பு மை விழுந்தால் மறுநாள் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

பெரிய சொற்களைத் தேடி அலையாதே. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த இடையாளராக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஆளுநர் துய்ப்ளே பேசியது, ஊர்ச் சண்டை எல்லாம் அதில் உண்டு. பேச்சுவழக்கு கலந்த தமிழ்தான். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அந்தக் குறிப்புகளைப் புரட்டுகிறார்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் பத்து வரி எழுதிக் கடன் தீர்க்காதே. வழக்கம்போல ஐந்து வரி எழுது. நோட்டு தீர்ந்ததும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் படித்துப் பார். வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியிருக்காது. நாளைக்கே தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்